புகார்: 24 த்ரெட்டில் ஒன்று உழைக்கிறது, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்

பொருள்: உங்கள் வீடியோ எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறியபின், 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகமுள்ள வகை) எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை) காட்சிகள் டைம்லைனில் திணறுவது. "தீர்க்கப்பட்டது" என்று ஏழு முறை மூடப்பட்ட புகார்ச் சீட்டை மறுபடி திறக்கக் கோருவது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே பிரச்சினைக்கு இது என் ஒன்பதாவது மடல். முந்தைய எட்டுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: கேஷைக் (தற்காலிகக் கோப்புகளை) காலி செய்யுங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள், மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். மூன்றும் முதல் நாளே செய்தாயிற்று. பிறகு உங்கள் ஆட்கள் சொன்னதற்காக இன்னும் நான்கு முறையும் செய்தாயிற்று. இந்த மடலையாவது வெட்டி ஒட்டிப் பதில் அனுப்புகிறவரிடம் கொடுக்காமல், உங்கள் டிகோடரை (சுருக்கிய வீடியோவைப் படமாகப் பிரிக்கும் நிரலை) எழுதுகிறவர்களிடம் கொடுங்கள். அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை.

கணினி விவரம், எட்டாவது முறையாக: இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ9, 8 பெரிய கோர், 8 சிறிய கோர், பெரியதற்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என மொத்தம் 24 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). டிடிஆர்4 3200 ராம் 64 ஜிபி, இரண்டு ஸ்டிக். என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கார்டு. காட்சிகள் ஒரு என்விஎம்இ டிஸ்கில், கேஷ் வேறொன்றில். காட்சிகள் 3840×2160, 29.97 ஃபிரேம், எச்.265, 10 பிட், 4:2:2, வினாடிக்கு 100 மெகாபிட்.

கோளாறு இதுதான். டைம்லைனில் ஒரே ஒரு கிளிப். எஃபெக்ட் இல்லை, கலர் கிரேடிங் இல்லை. பிளே அழுத்தினால் நான்கைந்து வினாடி ஓடுகிறது, பிறகு ஃபிரேம்கள் உதிர ஆரம்பிக்கின்றன. பிளேஹெட்டைப் பின்னால் இழுத்தால் படம் உறைந்தே போகிறது. பிளேபேக் ரெசல்யூஷனைக் கால்வாசியாக்கச் சொன்னார்கள். எச்.265-இல் முழு ஃபிரேமையும் பிரித்த பிறகுதானே சுருக்க முடியும்? பிரிக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, சுருக்குவதை இலேசாக்கி என்ன பயன்? பின்னால் இழுக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முந்தைய ஐ-ஃபிரேமிலிருந்து (தனித்தே முழுப் படமாக நிற்கும் ஃபிரேம்) வரிசையாகப் பிரித்துக்கொண்டு வரவேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆனால் உங்கள் சேவை மேசையில் அந்த ஊசியை யாருமே பார்த்ததில்லை போலிருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் சிபியூ மொத்தமாக 9 விழுக்காடு காட்டுகிறது. இதை வைத்துத்தான் உங்களவர்கள் இருவர், "சிபியூ சும்மாதான் இருக்கு, உங்க டிஸ்க்தான் ஸ்லோ" என்று முடித்துவிட்டார்கள். 100 மெகாபிட் என்றால் வினாடிக்கு 12.5 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்கே அதைத் தூக்கத்தில் கொடுக்கும். 9 விழுக்காடு என்ற மொத்தக் கணக்கு ஏமாற்றும். ஒரே த்ரெட்டை விண்டோஸ் கோர் கோராக மாற்றி ஓடவிடுவதால் தனித்தனி வரைபடத்திலும் அது பரவித் தெரியும். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் (ஒவ்வொரு த்ரெட்டையும் தனியாகக் காட்டும் கருவி) உங்கள் புரோகிராமைத் திறந்து த்ரெட்ஸ் பகுதியைப் பாருங்கள். ஒரே ஒரு த்ரெட் 4.16 விழுக்காட்டில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. 100-ஐ 24-ஆல் வகுத்தால் வருவது அதுதான். அந்த ஒன்று மூச்சு முட்ட ஓடுகிறது, மீதி 23-க்கும் வேலை கொடுப்பாரில்லை.

ஏன் என்றும் தெரியும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) பக்கம் போய், சிறு வரைபடங்களில் ஒன்றை 'வீடியோ டிகோட்' என மாற்றிக்கொண்டு பார்த்தேன். பழைய பதிப்பில் இதே கிளிப் ஓடும்போது இன்டெல் சிபியூவுக்குள்ளேயே இருக்கும் உள் கிராபிக்ஸில் டிகோட் 40, 50 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. வீடியோ வெண்ணெயாக வழுக்குகிறது. புதிய பதிப்பில் இரண்டு ஜிபியூவிலும் பூஜ்யம். அதே புதிய பதிப்பில் 4:2:0 (நிற விவரம் குறைந்த வகை) கிளிப் போட்டால் என்விடியா கார்டில் டிகோட் ஏறுகிறது, எல்லாம் சரியாக ஓடுகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? ஆர்டிஎக்ஸ் 30 வரிசை எச்.265-இல் 4:2:2-ஐ வன்பொருளில் பிரிக்காது. என்விடியாவில் அந்த வசதி 50 வரிசையில்தான் வந்தது. 12ஆம் தலைமுறை இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் பிரிக்கும். புதிய பதிப்பு தனி கார்டை மட்டும் கேட்கிறது, "முடியாது" என்று பதில் வந்ததும் பக்கத்தில் சும்மா இருக்கிற உள் கிராபிக்ஸைக் கேட்காமல் நேராக, சிபியூவிலேயே ஓடும் சாஃப்ட்வேர் டிகோடருக்கு ஓடுகிறது. அந்த டிகோடரும் ஒற்றை த்ரெட்டில் நொண்டுகிறது. எந்த ஜிபியூவில் பிரிப்பது என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி பழைய பதிப்பின் அமைப்புகளில் இருந்தது. அதைத் தூக்கியது நீங்கள்தான். ஏன் தூக்கினீர்கள் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

சிபியூவில் குறை இல்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. இதே கிளிப்பை எஃப்எஃப்எம்பெக்கில் சாஃப்ட்வேர் முறையிலேயே பிரித்து மாற்றினேன். 24 த்ரெட்டும் ஓடி சிபியூ மொத்தம் 85 விழுக்காட்டைத் தாண்டியது. காசில்லாமல் கிடைக்கிற கருவிக்குக் கூடுவது மாதச் சந்தா வாங்குகிற உங்களுக்கு ஏன் கூடவில்லை?

இப்போது நான்காவதாகப் பேசியவரைப் பற்றி. மேலே உள்ளதை முழுதாகச் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "சார், எடிட்டிங் தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க." நான் பேசாமல் இருந்தேன். உடனே அடுத்தது: "16 கோர் இப்பல்லாம் பத்தாது சார், 32 கோர் பாருங்க." கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்கு இது: வேலையில் ஐந்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடந்தாகவேண்டும் என்றால் 16 கோரில் 4 மடங்கு வேகம் கிடைக்கும், 32 கோரில் 4.44. கோர் இரட்டிப்பானால் லாபம் பத்தில் ஒரு பங்கு. இங்கேயோ வேலை முழுவதும் ஒற்றை த்ரெட்டில் கிடக்கிறது. 320 கோர் வாங்கினாலும் அதே திணறல்தான். இதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். பத்து நிமிடத்தில் மடல் வந்தது: "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?"

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்கவும். ஐந்தாவதாகப் பேசிய அம்மையார் மரியாதையாகவே பேசினார், அதையும் சொல்லவேண்டும். ஆனால் அவர் கொடுத்த யோசனை எல்லாவற்றையும் புரோரெஸ் 422-க்கு (எளிதாகப் பிரியும், ஆனால் கோப்பு பெரிது) மாற்றுவது. ஒரு மணி நேரக் காட்சி எச்.265-இல் 45 ஜிபி; புரோரெஸ் 422-இல் வினாடிக்கு 589 மெகாபிட் வீதம் 265 ஜிபி. ஆறு மடங்கு டிஸ்க் யார் தருவது? பிராக்ஸி (எடிட்டிங்குக்கான இலேசான நகல்) செய்யலாம் என்றார். உங்கள் மென்பொருளில் பிராக்ஸி செய்யவும் அதே நொண்டி டிகோடர்தானே மூலத்தைப் பிரிக்கவேண்டும்? இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் பாதி முடிந்திருந்தது.

அடுத்து அந்தப் பயணம். கணினியை நேரில் பார்க்காமல் மேலே அனுப்பமுடியாது என்று உங்கள் பங்குதாரர் சேவை மையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை போனேன். முதல் முறை மதிய இடைவேளை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை வாங்கி வைத்துக்கொண்டு, என் காட்சிகளைத் தொடாமல், உங்கள் மாதிரிக் கிளிப்பை ஓட்டிப் பார்த்தார்கள். 1080, 8 பிட், 4:2:0. அது ஓடாமல் என்ன செய்யும்? "பழுது இல்லை" என்று சீட்டு. காய்ச்சல் எனக்கு, தெர்மாமீட்டர் வேறொருவர் வாயில்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டில் மாட்டிப் பார்த்தால் பழைய பதிப்பும் திணறுகிறது! காரணத்தைத் தேட மூன்று நாள் போனது. அவர்கள் பயாஸை (கணினியின் அடிப்படை அமைப்புகளை) ரீசெட் செய்திருக்கிறார்கள். அதில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைந்து ராம் 3200-இலிருந்து 2133-க்கு இறங்கிவிட்டது. தனி கார்டு இருப்பதால் உள் கிராபிக்ஸும் தானாக அணைந்துவிட்டது. எந்த ஒன்றை நம்பி நான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருக்கிறேனோ அதுவே. கழற்றிய ராமையும் ஒரே சேனலின் (ராமுக்கும் சிபியூவுக்கும் இடையிலான பாதை) இரண்டு ஸ்லாட்டில் செருகியிருந்தார்கள். சிபியூ-இசட் கருவியில் சேனல் 'சிங்கிள்' என்று வந்தது. வினாடிக்கு 51.2 ஜிபி பாயவேண்டிய இடத்தில் 17. 32 பிட் ஃப்ளோட்டில் ஒரு 4கே ஃபிரேம் 132.7 எம்பி, வினாடிக்கு 30 ஃபிரேமை ஒருமுறை எழுதவே 4 ஜிபி வேண்டும், ஒவ்வொரு எஃபெக்டும் அதை மறுபடி படித்து மறுபடி எழுதும். மூன்று லேயர் போட்டால் கதை என்னவாகும்? ஸ்டிக்குகளை சிபியூவிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டுக்கு மாற்றி, எக்ஸ்எம்பியையும் உள் கிராபிக்ஸையும் நானே உயிர்ப்பித்த பிறகுதான் பழைய பதிப்பு பழைய நிலைக்கு வந்தது.

இந்த 41 நாளில் மூன்று வேலைகள் கைநழுவின. பத்து வருட உழைப்பு மண்ணாய்ப் போனது என்று சொன்னால் மிகை இல்லை. என் ஆயுளில் பாதி உங்கள் முன்னேற்றப் பட்டையைப் பார்த்தே கழிந்துவிட்டது. எடிட்டிங் தெரிஞ்சவங்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னாரே, அவர் சம்பளத்தில் என் சந்தாவும் இருக்கிறது.

கேட்பது அதிகமில்லை. டிகோடர் ஜிபியூவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியைத் திரும்ப வையுங்கள். குறைந்தபட்சம் ஒரு ஜிபியூ மறுத்தால் மற்றதையும் கேட்கட்டும். சாஃப்ட்வேர் டிகோடருக்குப் பல த்ரெட் கொடுங்கள். அதுவரை, புதிய பதிப்பில் சேமித்த புராஜெக்ட்டைப் பழையதில் திறக்க ஒரு வழி தாருங்கள். இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது. 41 நாள் சந்தாவைத் திருப்புங்கள். அந்த நான்காவது நபரின் மன்னிப்பு எழுத்தில் வரவேண்டும்.

ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் படங்கள், இரண்டு பதிப்பின் டிகோட் வரைபடம், பத்து வினாடி மூலக் கிளிப் மூன்றையும் இணைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் கேட்டால் திரையைப் பகிர்ந்து காட்டவும் தயார். பத்து வேலை நாளில் உருப்படியான பதில் வராவிட்டால், இதே கோப்புகள் நுகர்வோர் மன்றத்துக்குப் போகும். தொலைபேசி ஒலிப்பதிவும் சேர்ந்தே போகும். பயிற்சிக்காகப் பதிவு செய்கிறோம் என்று நீங்கள் சொல்லும் அதே பேச்சை நானும் பதிவு செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் வாடிக்கையாளர்

பி.கு.: இன்னொன்று, சின்ன விஷயம். எக்ஸ்போர்ட் ஓடும்போது சாளரத்தை மினிமைஸ் செய்தால் வேலை 8 சிறிய கோர்களுக்குத் தள்ளப்பட்டு வேகம் விழுகிறது. பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினால் சரியாகிறது. உங்கள் உதவிப் பக்கத்தில் இது இல்லை. எழுதி வையுங்கள், அடுத்தவருக்காவது உதவும். அதற்கும் கேஷைக் காலி செய்யச் சொல்லாதீர்கள்.