முதலில் முறையிடுங்கள், பிறகு ஸ்தோத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, துக்க வீடுகளில் "ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள், ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று ஆறுதல் சொல்வது நம் யாங்கோன் கிறிஸ்தவர்களிடம் வழக்கமாகிவிட்டது. வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபம் 4:6-ஐத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாதியில் வெட்டிவிடுகிறார்கள். மனதில் இருப்பதையெல்லாம் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்பதே அந்த வசனம். தேவசமாதானம் இருதயத்தைக் காக்கும் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. பவுல் அதை எழுதியதும் விலங்கிடப்பட்டிருந்த காலத்தில்.

எப்படித் தெரியப்படுத்துவது? தாவீது பாடிய 13-ஆம் சங்கீதம் வழி காட்டுகிறது. ஆறே வசனங்கள்: இரண்டு முறையீடு, இரண்டு வேண்டுதல், இரண்டு நம்பிக்கை. முறையீட்டில் மட்டும் "எதுவரைக்கும்" நான்கு தடவை வருகிறது. தாவீது அதை மென்று விழுங்கவில்லை.

வீட்டு ஜெபத்துக்கு இருபது நிமிடம் போதும். கரண்ட் இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி போதும். போன் மட்டும் அடுத்த அறையில் இருக்கட்டும். செய்தி பார்த்த சூட்டோடு முழங்காலில் நின்றால் ஜெபமும் செய்தி அறிக்கையாகிவிடும். முதல் இரண்டு வசனங்களை வாய்விட்டு, நிதானமாக வாசித்து நிறுத்துங்கள். பிறகு உங்கள் "எதுவரைக்கும்" நான்கைச் சொல்லுங்கள். "உலகத்துக்குச் சமாதானம் தாரும்" என்று பொதுவாகச் சொன்னால் மனம் இளகாது. "தாய்லாந்து போன பையன் எதுவரைக்கும் போன் பண்ணாமல் இருப்பான்?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்கே பத்து நிமிடம் விடுங்கள்.

வேண்டுதல் இரண்டுக்கு மேல் வேண்டாம். அதுவும் நாளைய தேவைக்கு உரியது. பட்டியல் நீண்டால் ஜெபம் என்ற பெயரில் கவலையையே இன்னொரு சுற்று ஓட்டிக்கொண்டிருப்போம். கடைசியில் ஏற்கெனவே பெற்ற ஒரு நன்மையைச் சொல்லி, இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கர்த்தருடைய ஜெபத்தோடு முடிக்கலாம்.

குடும்ப ஜெபம் கெட்டுப்போவது பெரும்பாலும் பெரியவர்களால். "ஆண்டவரே, இவன் சொன்ன பேச்சு கேட்கமாட்டேன் என்கிறான்" என்று கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது ஜெபம் அல்ல. அடுத்த நாள் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்காராது. ஆளுக்கு ஒரு வாக்கியம், மற்றவர்கள் "ஆமென்" என்று வைத்துக்கொண்டால் சின்னப் பிள்ளையும் வாய் திறக்கும்.

சமாதானம் அன்றைக்கே வராமல் போகலாம். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை புலம்பல்தான். அதுவும் வேதத்தில் இருக்கிறது. பர்மிய மொழியில் வேதாகமத்தை முழுவதும் மொழிபெயர்த்த அமெரிக்க மிஷனரி ஜட்சன், 1826-இல் மனைவியையும் சில மாதங்களில் குழந்தையையும் இழந்தபின், காட்டில் தனியே இருந்து, தனக்கே ஒரு குழி வெட்டி அதன் ஓரம் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பு முடிந்தது 1834-இல். அவரை விசுவாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்லமாட்டோம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, கட்டில் லேசாக ஆடினாலே நெஞ்சு படபடக்கிறது என்பவர்களையும் அப்படிச் சொல்ல வேண்டாம். அவர்களோடு ஜெபியுங்கள், டாக்டரிடமும் கூட்டிப்போங்கள்.

சபை மூப்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த துக்க வீட்டில் பிரசங்கம் வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களை வாசித்துவிட்டு, அந்த வீட்டார் பேசும்வரை காத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாங்கோன்