அந்தப் பையனின் முகத்தை மறையுங்கள்: ஆவணப்படக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநருக்கும் படக்குழுவினருக்கும்,

வணக்கம். எங்கள் கரையின் போதைக் கடத்தல் பற்றி நீங்கள் எடுத்த படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் தேடிப்போய்ப் பார்ப்பார்கள். எதைக் காட்டாதீர்கள் என்று கேட்கிறேனோ, அதையே பார்ப்பார்கள். பையனின் பெயரும் ஊரும்கூட வேண்டாம். கோடியக்கரைக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையில் ஒரு கடலோர கிராமம் என்ற அளவில் நிற்கட்டும். யாரைச் சொல்கிறேன், எந்தக் காட்சியைச் சொல்கிறேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தனியாக எழுதிக் கேட்டபோது, "ஒப்புதல் படிவம் எங்களிடம் இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினீர்கள். அதனால்தான் ஊரறிய எழுத வேண்டியதாயிற்று.

சென்ற வாரம் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், போதைப்பொருள் எதிர்ப்பு மன்றத்தின் சார்பில் உங்கள் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள், விளக்கை அணைத்தார்கள், படம் ஓடியது. அரங்கில் அவனுடைய அக்காள் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் முகம் திரை முழுக்க வந்தபோது அவளால் எழுந்து போகவும் முடியவில்லை. எழுந்தால் இன்னாருடைய அக்காள் என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். கடைசிவரை உட்கார்ந்திருந்து, கைதட்டலையும் கேட்டுவிட்டு வந்தவள், மறுநாள் முதல் கல்லூரிக்குப் போகவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையனின் முகத்தை மறையுங்கள்.

படம் மோசம் என்று சொல்லமாட்டேன். சொல்லப்போனால், இந்த விஷயத்தில் எங்கள் கரையைப் பற்றி இவ்வளவு பொறுப்பாக யாரும் எடுத்ததில்லை. கஞ்சா எங்கள் மணலில் முளைப்பதல்ல, ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வந்து இங்கே படகேறி இலங்கைக்குப் போகிறது, வழியில் சிந்துவதுதான் எங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறது என்று தெளிவாகக் காட்டியிருக்கிறீர்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தையும் விளங்கும்படி சொல்லியிருக்கிறீர்கள். கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு, அதற்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை, ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாற்பதாண்டு ஆகியும் சிறையில் கிடப்பவர்கள் மூட்டை சுமந்தவர்களே தவிர முதல் போட்டவர்கள் அல்ல என்ற உங்கள் வாதத்தில் எனக்கும் உடன்பாடுதான். கலங்கரை விளக்கத்தைச் சுற்றிச் சுற்றி டிரோன் பறந்ததையும், அதற்குப் போட்ட இடிமுழக்க இசையையும்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. படகில் சரக்கு ஏற்றியவர் பேசுகிறார். அவர் முகத்தில் துண்டு, குரலும் மாற்றப்பட்டிருக்கிறது. இடைத்தரகர் பேசுகிறார், இருட்டில் நிழல் மட்டும். சரி, அது உங்கள் வாக்குறுதி, அதைக் குறை சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் மயிலாடுதுறை அருகே முட்டம் கிராமத்தில் இரண்டு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். சாராய விற்பனையைத் தட்டிக் கேட்டதற்காக என்றார்கள் ஊர் மக்கள். முன்விரோதம் என்றது காவல்துறை. எதுவாக இருந்தாலும், வாய் திறப்பவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மறுவாழ்வு மையத்துத் திண்ணையில், மாத்திரை மயக்கத்தில், எச்சில் வழிவது தெரியாமல் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பையனுக்கு மட்டும் ஏன் துண்டு கிடைக்கவில்லை? கடத்தியவருக்கு மறைப்பு, நோயாளிக்கு குளோசப். இதை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது?

படம் வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்த காட்சியை மட்டும் வெட்டி, சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்த்துக் கைப்பேசியில் சுற்றவிட்டார்கள். அவன் வேலை பார்த்த கடைக்காரர், "கொஞ்ச நாள் கழித்து வா தம்பி" என்றார். அதுகூடப் போகட்டும். மாதந்தோறும் அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கி வந்துகொண்டிருந்தான். புறநோயாளிகள் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடியும் திரும்பிப் பார்த்தார். அன்றோடு வரிசைக்குப் போவதை நிறுத்திவிட்டான். இப்போது அவன் அம்மாதான் போகிறார். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஓ.பி. சீட்டை நனையாமல் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போகிறார். "நோயாளியைப் பார்க்காமல் எத்தனை தடவை மாத்திரை எழுதித் தருவது?" என்கிறார் மருத்துவர். அவர் கேட்பதில் தப்பில்லை. இந்த அம்மாள் பதில் சொல்லாமல் நிற்கிறார். சில மாதம் மாத்திரை கிடைக்கிறது, சில மாதம் கிடைப்பதில்லை.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வை நீங்களே படத்தில் காட்டுகிறீர்கள். இந்த நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். குடிக்கே இந்தக் கதி. வலிநிவாரணி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட ஒரு மீனவர் வீட்டுப் பையன் அந்த வரிசைவரை வந்து நின்றதே பெரிய காரியம். அவனைக் கண்டுபிடித்து, பேசி, அழவிட்டு, வண்டியேற்றி அனுப்ப நாங்கள் பட்டபாடு எங்களுக்குத் தெரியும். "தேவை தண்டனை அல்ல, சிகிச்சை" என்று கடைசியில் கம்பீரமான குரல் ஒன்று சொல்கிறது. சிகிச்சையில் இருந்தவனை வீட்டுக்குள் பூட்டிய படம் அதைச் சொல்கிறது.

இனி அந்த ஒப்புதல் படிவம். அவன் தாத்தா கையெழுத்துப் போட்டார், உண்மை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தாத்தாவுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியும். அவர் சட்டம் படித்தவராகவே இருந்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது என்றுதான் நினைக்கிறேன். சிறார் நீதிச் சட்டம், 2015, பிரிவு 74: வழக்கில் சிக்கிய சிறாரானாலும், பாதுகாப்பு தேவைப்படும் சிறாரானாலும் அடையாளம் தெரியும்படி எந்த ஊடகத்திலும் படமோ பெயரோ வரக்கூடாது. விலக்கு வேண்டுமென்றால் சிறார் நீதிக் குழுமமோ குழந்தைகள் நலக் குழுவோ எழுத்தில் அனுமதிக்க வேண்டும். தாத்தா அனுமதித்தால் போதாது. போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் நிலையிலுள்ள பிள்ளையும் அந்தச் சட்டப்படி பாதுகாப்பு தேவைப்படுபவன்தான். போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறும் மனநோய் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்றும் அதுவே சொல்கிறது. வணிக அளவு எத்தனை கிலோ என்று தேடிப் படித்த உங்களுக்கு இந்தப் பக்கங்கள் கண்ணில் படாமல் போனது வருத்தம்தான். போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: உட்கொண்டதற்கோ சிறிய அளவுக்கோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழு சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு. படத்தில் அதற்கு அரை நிமிடம்கூட இல்லை.

உங்களை மட்டும் சொல்லி என்ன? நாட்டின் நடைமுறையே அப்படி. மூட்டைகளை மேசையில் அடுக்கி, பிடிபட்ட பையன்களைப் பின்னால் குத்தவைத்து எடுத்த படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறையின் 'கஞ்சா வேட்டை' நடவடிக்கை தொடங்கியது, பிறகு 2.0, 3.0, 4.0 என்று மென்பொருளுக்குப் பதிப்பு விடுவதுபோல வந்துகொண்டே இருந்தது. காலையில் பள்ளியில் உறுதிமொழி. நண்பகல் 12 மணிக்கு அரசாங்கத்தின் கடை திறக்கும். பிள்ளைகள் உறுதிமொழியில் எந்தப் போதையைச் சேர்க்க வேண்டும், எதை விடவேண்டும் என்று யாராவது ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நல்லது. போகட்டும், அது உங்களிடம் கேட்க வேண்டியதல்ல.

உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். தொகுப்புத் தெரிந்த உறவுக்காரப் பையனிடம் விசாரித்தேன். அரைநாள் வேலை என்றான். படத்தில் ஒரு வாதமும் குறையாது, ஒரு விருதும் திரும்பப் போகாது. இணையத்தில் இருக்கும் பிரதியை மாற்றுங்கள், முன்னோட்டத்திலும் அவன் இருக்கிறான், அதையும் மாற்றுங்கள். கல்லூரிகளுக்குக் கொடுத்த பிரதிகளைத் திரும்பப் பெறுங்கள். வெட்டிச் சுற்றவிடப்படும் காட்சியை நீக்கும்படி அந்தத் தளங்களுக்கு உரிமையாளர் என்ற முறையில் நீங்கள் எழுதினால்தான் மதிப்பார்கள். நான் எழுதிப் பயனில்லை. செலவாகும் என்றால் சொல்லுங்கள், ஊரில் பிரித்துத் தருகிறோம்.

அடுத்த திரையிடல் வரும் ஞாயிறு தஞ்சாவூரில் என்று பார்த்தேன். தயவுசெய்து அதற்குள் முகத்தை மறைத்துவிடுங்கள். மறைத்தபின் ஒரு வரி எழுதிப் போட்டால், அடுத்த மாத வரிசைக்கு அவனையே கிளப்பிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அவனுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர்