ஹெரால்டு லாடர் வெறும் பலியாள் அல்லன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரழிவுக்குப் பிந்தைய உலகைச் சித்திரிக்கும் நாவல்களின் எதிர்மறைப் பாத்திரங்கள் குறித்துத் தங்கள் இலக்கியப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஸ்டீபன் கிங் 1978-இல் வெளியிட்ட ‘தி ஸ்டாண்ட்’ நாவலில் வரும் ஹெரால்டு லாடரை, ஊராரின் ஏளனத்துக்குப் பலியானவன் என்ற அளவிலேயே கட்டுரையாளர் மதிப்பிட்டிருக்கிறார். அந்த இரக்கத்தில் தவறில்லை. பருமனான உடல்வாகும் கர்வமும் காரணமாக எவரும் நெருங்காத பதின்வயதுப் பையன் அவன். கொள்ளைநோய்க்குப் பின் ஊரில் அவனோடு எஞ்சிய ஃபிரான் கோல்ட்ஸ்மித்தும் வேறொருவரையே விரும்புகிறாள்.

ஆனால், அவனை அவமதித்த ஊரையே துடைத்தழித்த அதே நோய், பழைய ஹெரால்டை அறியாத மனிதர்களிடையே அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதைக் கட்டுரை கவனிக்கவே இல்லை. களஞ்சியக் கூரையில் அவன் எழுதிவைத்த வழிக்குறிப்பைப் பின்பற்றி வந்த, நோயில் உயிர்தப்பிய லாரி அண்டர்வுட், முகம் தெரியாத அவன்மீது பெருமதிப்புக் கொண்டு, ஒயினும் மிட்டாயும் பரிசாக எடுத்துக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உயிர்தப்பியவர்கள் கூடி வாழும் போல்டர் நகரில் பிணங்களைப் புதைக்கும் குழுவில் உடன் உழைப்பவர்கள் அவனுக்குப் ‘பருந்து’ என்று பட்டப்பெயர் சூட்டுகிறார்கள். கேலிக்காக அல்ல, தங்களில் ஒருவன் என்ற உரிமையில். பகையை விட்டுவிட்டு இங்கேயே வாழ்ந்துவிடலாம் என்று அவனுக்கே ஒருமுறை தோன்றவும் செய்கிறது. அதன் பிறகுதான் அந்நகரத் தலைவர்களில் ஒருவனான நிக் ஆண்ட்ரோஸ் உள்ளிட்டோரைக் கொல்லும் வெடிகுண்டை அவன் வைக்கிறான். அவனை மயக்கிய நாடின் கிராஸின் தூண்டுதலும் நாவலின் தீய சக்தியான ராண்டல் ஃபிளாக்கின் சூழ்ச்சியும் இதில் உண்டு என்றாலும், திறந்திருந்த கதவைத் தானே சாத்தியவன் ஹெரால்டு. என் வாசிப்பில், அவனைச் சிக்கலான பாத்திரமாக்குவது பட்ட அவமானமன்று, கிடைத்த மரியாதையை அவன் ஏற்க மறுத்ததுதான்.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இன்னொரு பகுதியும் இதையே உறுதிப்படுத்துகிறது. மலைப்பாதையில் விபத்துக்குள்ளாகிக் கைவிடப்பட்ட ஹெரால்டு, சாகுமுன் தன் குறிப்பேட்டில் மன்னிப்புக் கேட்கிறான். ஆனால் செய்ததையெல்லாம் தன் விருப்பப்படியே செய்ததாகவும் ஒப்புக்கொண்டு, அன்று ஏற்க முடியாத ‘பருந்து’ என்ற பெயரிலேயே கையெழுத்திடுகிறான். அவனே தனக்குக் கோராத விலக்கை அவனுக்காக நாம் கோருவது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும்.

1990-இல் வந்த விரிவான பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டுவது என்பதால் சில பகுதிகள் நினைவில் தங்காமல் போவது இயல்பே. எனினும், ஒரு பாத்திரத்தைத் தீர்ப்பிடும் கட்டுரை, அப்பாத்திரத்தின் இறுதி வாக்குமூலத்தையாவது கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்