பொதுச்சுவர் வீடுகள் உள்ள எங்கள் தெருவைத் தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர் (பெயர், முகவரி, கைப்பேசி எண் இணைப்புத் தாளில்) மற்றும் அதே தெருவைச் சேர்ந்த 13 வீட்டு உரிமையாளர்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்
(மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்)

நகல்:
நகராட்சி ஆணையர் அவர்கள். உதவி இயக்குநர் அவர்கள், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம்

பொருள்: பொதுச்சுவர் உள்ள பழைய வரிசை வீடுகளில் மாடி எடுக்கவும் கூரை மாற்றவும் பக்கவாட்டு இடைவெளி விதி தடையாக இருப்பது – தெருவைத் தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப் பரிந்துரை செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள எங்கள் ஊரில், கோயிலையொட்டிய தெருவில் என் தாத்தா காலத்து வீட்டில் குடியிருக்கிறேன். என்னோடு 84 வயதான அம்மா, மனைவி, மகன், மருமகள், பேத்தி. வீடு 16 அடி அகலம், 112 அடி நீளம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, அதற்குப் பின்னால் கொல்லை. கழிப்பறை கொல்லைக் கோடியில். அம்மா படுத்திருக்கும் இடத்திலிருந்து எண்பது அடி நடக்க வேண்டும், அதில் பாதி மழையில் நனைந்துகொண்டு.

எனக்கு வேண்டியது பெரிய மாளிகை இல்லை. முன்பக்கத்து நாட்டு ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டு, அதன்மேல் 480 சதுர அடியில் மகன் குடும்பத்துக்கு ஓர் அறையும் கழிப்பறையும். அவர்கள் மேலே போனால் கூடத்தையொட்டிய அறையை அம்மாவுக்கு ஒழித்து, அங்கேயே ஒரு கழிப்பறை கட்டித் தரலாம். இதற்காகக் கடந்த ஆடி மாதத்திலிருந்து அலைந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் 22 வீடுகள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை, பின்னால் இடித்துக் கட்டிய இரண்டைத் தவிர. எங்களுக்கும் கீழண்டை வீட்டுக்கும் ஒரே சுவர், மேலண்டை வீட்டுக்கும் ஒரே சுவர். ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. எங்கள் கூடத்து உத்தரத்தின் முனை அந்தச் சுவரில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது, அடுத்த வீட்டு உத்தரத்தின் முனை மறுபக்கம். 1938ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே இது இரு வீட்டாருக்கும் பொதுவான சுவர் என்று எழுதியிருக்கிறது.

இப்போது நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 7 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட சிறிய வீடானாலும், அகலம் குறைந்த மனைக்குக்கூட ஒரு பக்கத்தில் 1 மீட்டர் இடம் விட வேண்டும். தெருவின் அகலம் 9 மீட்டருக்குள் இருந்தால் முன்பக்கத்தில் ஒன்றரை மீட்டர். புதிய நகர்களில் 30க்கு 40 மனை வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு இவை நியாயமான விதிகள், மறுக்கவில்லை. பதினாறு அடியில் 1 மீட்டரைக் கழித்தால் 12 அடி 9 அங்குலம். சுவர்களின் கனம் போக உள்ளே பத்து அடி மிஞ்சும். அந்தக் கணக்குகூட இரண்டாவது சங்கடம்தான். அந்த 1 மீட்டரை விட வேண்டுமானால் பொதுச்சுவரை இடிக்க வேண்டும்; இடித்தால் பக்கத்து வீட்டுக் கூரை கீழே வந்துவிடும். சுவரை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் உள்ளே தள்ளிக் கட்டலாம் என்றால், என் வீட்டின் நூறடி நீளத்தையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். மேல்தளத்தை மட்டும் உள்ளே தள்ளினால் போதாதா என்று பொறியாளரிடம் கேட்டேன். இடைவெளி தரையிலிருந்தே வேண்டும் என்றார்.

2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது எங்கள் தெருவில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கட்ட இணையவழியில் உடனடி அனுமதி என்றார்கள். என் மனை 1,792 சதுர அடி. இருப்பதும் கட்டப்போவதும் சேர்ந்து 1,800 சதுர அடியைத் தாண்டாது. உயரம் இருபத்தோரு அடி சொச்சம், 7 மீட்டருக்குள். அளவில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சுயசான்று என்றால் விதிப்படி எல்லாம் இருக்கிறது என்று நானே சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். "சார், பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது என்று பொய் வரைபடம் நான் போட மாட்டேன், என் பதிவு போய்விடும்" என்றார் பொறியாளர். அவர் சொன்னது சரி. முப்பது ஆண்டுகள் வங்கியில் மற்றவர்கள் கையெழுத்தைச் சரிபார்த்தவன் நான். இந்த வயதில் பொய்க் கையெழுத்துப் போடச் சம்மதமில்லை.

நகரமைப்புப் பிரிவுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை, கோயில் அருகில் இருப்பதால் அனுமதி கிடைக்காது என்றார்கள். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் ஊர்க் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருப்பது, தொல்லியல் துறையின் பட்டியலில் இல்லை. இதைச் சொன்னதும் அந்தக் காரணத்தை விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை, பழைய வீட்டின் மூல வரைபட அனுமதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். 1938க்கு முன்பே இருந்த வீட்டுக்கு நான் எங்கே போவேன்? 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி தாத்தா அனுமதி வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருந்திருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, அந்தக் காலக் கட்டட அனுமதிப் பதிவேடு அலுவலகத்தில் இல்லை என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. அவர்களிடமே இல்லாத ஏட்டை என்னிடம் கேட்கிறார்கள். மூன்றாம் முறைதான் பக்கவாட்டு இடைவெளி பேச்சு வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். மூன்று முறையும் பதில் வாய்மொழிதான். மனுவில் ஒரு வரி எழுதித் தரவில்லை.

இதற்கான வழி அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஒரு வகை அவற்றில் உண்டு. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழைய பகுதிகளுக்காகவே ஏற்பட்ட வகை. அங்கே பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. சென்னையில் 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்திலேயே இப்படிப்பட்ட பகுதிகளைத் தனியாக அடையாளம் காட்டியிருக்கிறார்கள். சென்னையின் பழைய தெருக்களில் ஒட்டி நிற்கும் வீட்டுக்குக் கிடைப்பது, எங்கள் தெருவில் நூறு ஆண்டுக்கு மேலாக ஒட்டி நிற்கும் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. காரணம், எங்கள் தெருவை அந்த வகையில் சேர்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் எழுதிக் கேட்கவில்லை. அதனால்தான் 14 பேர் சேர்ந்து இப்போது கேட்கிறோம்.

பக்கவாட்டு இடைவெளி எதற்காக என்பதை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. வெளிச்சம், காற்று, தீ விபத்து என்றால் ஆள் போய்வர இடம். எங்கள் வீடுகளில் வெளிச்சத்தையும் காற்றையும் கொண்டுவருவது நடுவிலிருக்கும் முற்றம். வெளியே விட வேண்டிய இடத்தை வீட்டைக் கட்டியவர்கள் உள்ளே விட்டிருக்கிறார்கள். பகல் முழுவதும் கூடத்தில் விளக்கு போடாமல் என் அம்மா விஷ்ணு சகஸ்ரநாமம் படிக்கிறாள், கண்ணாடிகூட இல்லாமல் (பாதி மனப்பாடம் என்பது வேறு விஷயம்). விதி வெளி இடைவெளியை மட்டும் அளக்கிறது, முற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இதனால் என்ன நடக்கிறது தெரியுமா ஐயா? எங்கள் தெருவில் இரண்டு வீட்டை அடியோடு இடித்து, ஒரு பக்கம் மூன்றடிச் சந்து விட்டுப் புதிதாகக் கட்டினார்கள். இழந்த இடத்தை ஈடுகட்ட முற்றத்தை மூடிவிட்டார்கள். வரைபடத்தில் எல்லாம் விதிப்படி இருக்கிறது. உள்ளே மத்தியானத்திலும் குழல்விளக்கு எரிகிறது. அந்த மூன்றடிச் சந்தில் வெயிலும் வராது, துடைப்பமும் நுழையாது, பெருச்சாளிதான் போய்வருகிறது. தீயைப் பற்றிக் கேட்டால், 22 வீட்டுக்கும் கொல்லைப்புறம் 12 அடிச் சந்து ஓடுகிறது, முன்னால் 24 அடித் தெரு. இரண்டு பக்கமும் வெளியேற வழி இருக்கிறது. தேவைப்பட்டால் தீயணைப்பு நிலைய அலுவலரை வரவழைத்துப் பார்வையிடச் சொல்லுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். எங்கள் முற்றத்து நீர் அதற்கு முன்பிருந்தே கொல்லைக் கிணற்றுக்குத்தான் போகிறது. புதிய தளத்து நீரையும் அங்கேயே இறக்குவதாக வரைபடத்தில் காட்டியிருக்கிறேன். பொதுச்சுவரில் கூடுதல் பாரம் ஏற்றாமல், வீட்டுக்குள்ளேயே தனி அஸ்திவாரமும் தூண்களும் எழுப்பித்தான் மாடி எடுக்கப்போகிறோம். இரு பக்கத்து வீட்டாரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் பக்கத்துத் தவறு ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் கொல்லையில் துணி உலர்த்தவும் வண்டி நிறுத்தவும் ஒரு தகரக் கொட்டகை போட்டேன், யாரையும் கேட்கவில்லை. அது விதிமீறல் என்றால் பிரித்துவிடுகிறேன், நோட்டீஸ் அனுப்பக்கூட வேண்டாம். தெருக்கோடியில் ஒருவர் அனுமதிக்கு அலைந்து சலித்து, கேட்காமலே மாடி கட்டிவிட்டார். இப்போது நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் வந்து நிற்கிறார். அவர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கும் எங்களையும் அதே வழிக்குத் தள்ளாதீர்கள்.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகமும் நகராட்சி நகரமைப்புப் பிரிவும் சேர்ந்து தெருவை நேரில் அளந்து, தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்க நகர் ஊரமைப்பு இயக்குநர் அவர்களுக்குப் பரிந்துரை அனுப்ப உத்தரவிட வேண்டும். 22 வீட்டுப் பொதுச்சுவர்களையும் குறித்த வரைபடத்தை இணைத்திருக்கிறோம். அதைச் சரிபார்த்தாலே பாதி வேலை முடியும்.

அறிவிப்பு வரக் காலம் ஆகும் என்று தெரியும். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு தனிக் கட்டடத்துக்கோ ஒரு வகைக் கட்டடங்களுக்கோ நிபந்தனைகளுடன் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. 7 மீட்டர் உயரத்துக்கு மிகாமல், முற்றத்தை மூடாமல், பழைய அஸ்திவார எல்லைக்குள்ளேயே மாடி எடுக்கும் பொதுச்சுவர் வீடுகளுக்கு அந்த விலக்கைப் பெற்றுத்தர அரசுக்கு எழுத வேண்டுகிறோம். முற்றத்தை மூடக்கூடாது என்ற நிபந்தனையை நாங்களே கேட்டுச் சேர்க்கச் சொல்கிறோம் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். முன்பக்கத்திலும் திண்ணை இருக்கும் கோட்டிலேயே இருக்க அனுமதிக்க வேண்டும். திண்ணையை இழந்தால் தேர் வரும் நாளில் எங்கள் தெருக் கிழவர்கள் உட்கார இடமில்லை.

மூல வரைபடம் இல்லாத பழைய வீடுகளுக்கு பதிவுசெய்த பழைய பத்திரம், பழைய வீட்டுவரி ரசீது, நகர நில அளவைப் பதிவேடு இவற்றை ஆதாரமாக ஏற்கவும் நகராட்சிக்கு அறிவுறுத்த வேண்டும். மனுவை ஏற்க முடியாவிட்டால் எல்லாக் குறைகளையும் ஒரே தாளில் எழுதித் தரட்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது, பழைய ஓட்டை எடுத்துப் புது ஓடு வேய்வது போன்ற வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை என்பது விதி. இது பலருக்குத் தெரியாது. தெரியாதவர்களிடம் "அனுமதி வாங்கினாயா" என்று கேட்டு வேலையை நிறுத்திய சம்பவம் எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. எதற்கு அனுமதி வேண்டாம், எதற்குச் சுயசான்று போதும், எதற்கு முழு வரைபட அனுமதி வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில், நகராட்சி வாசலில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். அம்மாவின் அறையில் கழிப்பறை கட்ட அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று இன்றுவரை எனக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அதை மட்டுமாவது 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் அம்மாவைக் கொல்லைக்கு அழைத்துப் போவது எங்களால் ஆகாது.

ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் 14 வீட்டாரும் பத்திரங்களோடு வீட்டிலேயே இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் மற்றும் 13 வீட்டு உரிமையாளர்களின் கையொப்பங்கள்)

இணைப்பு: மனுதாரர் விவரம், பாகப்பிரிவினைப் பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீதுகள், தகவல் அறியும் உரிமைச் சட்டப் பதில், பக்கத்து வீட்டாரின் ஆட்சேபணையின்மைக் கடிதங்கள், தெருவின் பொதுச்சுவர் வரைபடம்.