கலவை வேறு, கலப்படம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இத்தாலிய சிவப்பு ஒயின் பற்றிய கட்டுரை படித்தேன். விஷயம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பல ரகத் திராட்சை சேர்த்துச் செய்வதைத் தலைப்பிலேயே 'கலப்பட ஒயின்' என்று போட்டுவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. குமுளி மலைக்குக் கீழே பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டுப் பிழைக்கிறவன் நான். கலப்படம் என்றால் சாற்றில் சாயம் ஊற்றுவது. காப்பிக் கடையில் பிளாண்டேஷன் இவ்வளவு, பீபரி இவ்வளவு என்று சொல்லி அரைத்து வாங்குகிறோமே, அது கலப்படமா?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் செய்கிற கியான்டி என்ற சிவப்பு ஒயினுக்கு உயிர் சாஞ்சோவேசே என்ற திராட்சை. புளிப்பும் துவர்ப்பும் தூக்கல், நிறம்தான் கொஞ்சம் வெளுப்பு. அதனால் மென்மைக்குக் கானயோலோ, நிறத்துக்குக் கொலோரினோ என்று வேறு ரகங்களைச் சேர்ப்பார்கள். 1872இலேயே ரிகாசோலி என்ற பிரபு எந்தத் திராட்சை எதற்கு என்று ஒரு கடிதத்தில் எழுதி வைத்துவிட்டார். இன்று கியான்டி கிளாசிக்கோ (கியான்டியின் பழைய மையப் பகுதி ஒயின்) என்று பெயர் ஒட்ட 80 சதவீதமாவது சாஞ்சோவேசே இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 1967 விதிப்படி கியான்டியில் 10 சதவீதமாவது வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆக வேண்டியிருந்தது. அது பிடிக்காத சிலர் 1970களில் பிரெஞ்சு ரகமான கேபர்னேயைச் சேர்த்து, கியான்டி என்ற பெயரே வேண்டாம் என்று வெறும் மேசை ஒயினாக, அதாவது சாதாரண ஒயின் என்ற பெயரில், விற்றார்கள். தின்யானெல்லோ என்ற ஒயின் அந்த வழியில் வந்ததுதான், இன்று விலை கேட்டால் தலை சுற்றும்.

எனக்கு நெருக்கமாகப் படுவது இத்தாலியின் வெரோனா நகரப் பக்கத்து அமரோனே என்ற சிவப்பு ஒயின். அங்கேயும் பழைய வழக்கம் பந்தல்தான்! கொர்வினா, ரொந்தினெல்லா கொத்துகளைப் பறித்துத் தட்டில் பரப்பி மூன்று நான்கு மாதம் வாட விடுகிறார்கள், எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். (இங்கே வியாபாரி ரெண்டு நாள் வராவிட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும்.) மணமும் புளிப்பும் கொர்வினாவுடையது, ரொந்தினெல்லா அழுகாமல் வாடித் தரும். மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தார். உலர்ந்த பழ வாசனை, இனிக்கும் என்று நினைத்தால் கடைசியில் ஒரு கசப்பு. ஆட்டுக்கறிக் குழம்போடு ஒத்துப்போனது. குமுளிச் சொந்தக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு எங்கள் பழத்தில் சர்க்கரை, பட்டை, கிராம்பு போட்டு ஒயின் வைப்பார்கள், வாசனை ஊரைக் கூட்டும், ஆனால் நாக்கில் நிற்காது. பன்னீருக்கு அந்தத் துவர்ப்புத் துணை இல்லை, அவ்வளவுதான்.

யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நாளைக்கு இங்கே யாராவது இன்னொரு ரகத்தோடு சேர்த்துப் பார்த்தால் அதற்கும் 'கலப்படம்' என்று தலைப்பு வந்தால் பழம் வாங்க ஆள் வர மாட்டான். அடுத்த ஞாயிறு ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
கம்பம், தேனி மாவட்டம்.