இரைச்சலுக்கும் ஒரு கணக்கு எழுதுங்கள்

நகரங்களின் சாலைகளுக்கும் ரயில்பாதைகளுக்கும் திட்டம் தீட்டி நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

மேம்பாலம் கட்டுவதென்றால் நிலத்துக்கு எவ்வளவு, கம்பிக்கு எவ்வளவு, பயணத்தில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறீர்கள். பாலத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் தூக்கத்துக்கு மட்டும் கணக்கு இல்லை.

இரவு இரண்டு மணிக்கு ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. உள்ளே படுத்திருப்பவர் கண் விழிப்பதுகூட இல்லை. காலையில் கேட்டால் "பழகிப்போச்சு" என்பார். ஆனால் அந்த நொடியில் அவர் நாடித்துடிப்பு எகிறியிருக்கும், ரத்த அழுத்தம் கூடியிருக்கும். மனசுக்குப் பழகலாம், இதயத்துக்குப் பழகுவதில்லை. வருடக்கணக்கில் இப்படியே போனால் இதயநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் பறிபோவதாக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கணக்கிட்டது. மருந்துச் செலவும் வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளமும் உங்கள் பட்ஜெட்டில் வராது. அந்தந்த வீட்டின் தலையில்தான் விழும்.

பிள்ளைகளை நினைத்தால் இன்னும் வேதனை. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில்பாதையை ஒட்டி ஒரு பள்ளி. நாலைந்து நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே கட்டடத்தின் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் கிட்டத்தட்ட ஓராண்டு பின்தங்கியிருந்ததை உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் 1975-இல் காட்டினார். பிறகு தண்டவாளத்தின் அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்புக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பதித்தார்கள். 1981-இல் மறுபடி சோதித்தபோது அந்த வித்தியாசமே இல்லை. ரப்பரும் பலகையும்தான்!

"இரைச்சல் மூன்று டெசிபல்தானே கூடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதே சாலையில் வண்டிகள் இரண்டு மடங்கானால்தான் மூன்று டெசிபல் கூடும்.

வசதி உள்ளவர்கள் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். காலியாகும் வீட்டுக்கு, வாடகை குறைவு என்று இன்னொரு குடும்பம் வருகிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்க வேண்டிய தாதியோ காவலாளியோ அந்த வீட்டில் இருந்தால் அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அடுத்த திட்டத்தில் கையெழுத்திடும் முன், பாதை போகப்போகிற இடத்தில் ஒரு வீட்டு ஜன்னலோரம் இரவில் டெசிபல் மீட்டரோடு நில்லுங்கள். இன்றைய அளவையும், பாதை வந்தபின் ஆகப்போகும் அளவையும், அதைக் குறைக்க ஆகும் செலவையும் திட்ட மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரைச்சலில் தூக்கம் தொலைத்தவர்களில் ஒருவர்