உன் படத்தில் உன் நாடு எங்கே என்று கேட்டால்

அன்புள்ள தங்கைக்கு,

கண்காட்சிக்குத் தேர்வு செய்ய வந்தவர்கள் உன் படங்களைப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் பண்பாடு எங்கே?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அதனால் அடுத்த தொடரில் மரபு உருவங்களைச் சேர்க்கலாமா என்றும் யோசிக்கிறாய். சேர்க்காதே என்று சொல்ல நான் யார்? ஆனால் யாருக்காகச் சேர்க்கப்போகிறாய் என்பதுதான் உறுத்துகிறது.

யின்கா ஷோனிபாரே என்ற பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞரிடமும் இதையே கேட்டார்கள். லண்டனில் பிறந்து நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்தவர். 1980களில் லண்டனில் கலை படித்தபோது, சோவியத் நாட்டின் பெரஸ்த்ரோய்கா சீர்திருத்தம் பற்றி ஏதோ செய்துகொண்டிருந்தார். ஆசிரியர் ஒருவர், அசல் ஆப்பிரிக்கக் கலை செய்யலாமே என்றாராம். உலக அரசியல் பேச மற்றவர்கள் இருக்கிறார்கள், நீ முகமூடி செதுக்கு என்கிற மாதிரி.

சரி, அசல்தானே வேண்டும் என்று அவர் பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போய் பளிச்சென்ற 'ஆப்பிரிக்க' துணியை வாங்கினார். அந்தத் துணியின் பூர்வீகம் வேடிக்கையானது. மெழுகு பூசிச் சாயமேற்றும் ஜாவாவின் பத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் போலி தயாரித்தார்கள். இந்தோனேசியாவில் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பிய்த்துக்கொண்டு போனது. பின்னாளில் ஆப்பிரிக்காவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2003-இல் அதே துணியில் விக்டோரியா காலத்து உடை தைத்து, தலையில்லாத 14 உருவங்களை ஆப்பிரிக்க வரைபடம் தீட்டிய மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். 1884-85 பெர்லின் மாநாட்டில் கண்டத்தைப் பங்கு போட்டவர்கள்தான் அவர்கள். கேட்டதைக் கொடுப்பதுபோல் கொடுத்து, கேட்டவர்களையே மாட்டிவிட்டார்.

எல்லோருக்கும் இந்த வழி ஒத்துவராது. ரஷீத் அராயீனைப் பார். கராச்சியில் பொறியியல் படித்து 1964-இல் லண்டன் போனவர். அப்போதே சட்டகங்களையும் குறுக்குக் கம்பிகளையும் வைத்துச் சுத்தமான வடிவியல் சிற்பங்கள் செய்தார். அதே காலத்தில் இப்படிச் செய்த அமெரிக்கர்கள், எளிய வடிவங்களை மட்டும் வைத்துச் செய்யும் மினிமலிசம் என்ற கலைப்போக்கின் வரலாறாக ஆனார்கள். இவர் பல காலம் குடியேறிய கலைஞராகவே இருந்தார். 1989-இல் லண்டனின் ஹேவர்ட் கேலரியில், பிரிட்டனில் வேலை செய்த ஆப்பிரிக்க, ஆசியக் கலைஞர்களைத் திரட்டி 'தி அதர் ஸ்டோரி' என்ற கண்காட்சியை அவரே நடத்தினார். அழைத்தும், இந்தியாவில் பிறந்த பிரிட்டிஷ் சிற்பி அனிஷ் கபூர் அதில் சேரவில்லை. எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. கூட்டாக வந்தால் ஒரு முத்திரை விழுகிறது, தனியாக நின்றால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அதே ஆண்டு பாரிஸில் 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சி. நூறு பேருக்கு மேல். மேற்கிலிருந்து பாதி, மற்ற நாடுகளிலிருந்து பாதி. கணக்கு சரிதான். ஆனால் மேற்கிலிருந்து நவீன கலைஞர்களும், மற்ற இடங்களிலிருந்து பெரும்பாலும் சடங்கு, மரபுக் கலை சார்ந்தவர்களும் வந்தார்கள். உன்னிடம் கேட்ட கேள்வி அங்கே முழுக் கண்காட்சியாகவே நின்றது.

அப்புறம், உன் விளக்கக் குறிப்பு. காலனியம் பற்றி எழுதிய சிந்தனையாளர்கள் எட்வர்ட் சையித்தையும் ஹோமி பாபாவையும் படி, கட்டாயம் படி. ஆனால் கலப்பு, விளிம்பு, மற்றமை என்று அடுக்கி எழுதியிருப்பதில் பாதியை வெட்டு. அந்தச் சொற்கள் இப்போது தேர்வுக்குழுக்களுக்கே பிடித்துப்போயிருக்கின்றன. மரபு உருவங்களைக் கேட்ட அதே ஆட்கள் இவற்றையும் கேட்கிறார்கள்.

இப்போது வரைந்துகொண்டிருக்கும் சாம்பல் நிறப் படத் தொடரைப் பாதியில் நிறுத்தாதே. ஏன் சாம்பல் என்று கேட்டால் நிறத்தைப் பற்றியே பதில் சொல். உன் ஊரைப் பற்றிக் கேட்டால், பக்கத்து அறையில் காட்டும் ஐரோப்பியரிடமும் அதைக் கேட்டீர்களா என்று சிரித்துக்கொண்டே விசாரி. திருத்திய குறிப்பை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்